எம்டனை மேசைமேல் நிறுத்துவது

ஒரு ஆளைப் பார்த்து "அவன் சரியான எம்டன்" என்று சொல்லும்போது கப்பல் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எமனுக்கும் அந்த வார்த்தைக்கும் ஏதோ உறவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்கூட உண்டு. 2006 இல் "எம்டன் மகன்" என்று ஒரு படம் எடுத்தார்கள், கண்டிப்பான அப்பாவுக்கு அந்தப் பெயர். பிறகு தலைப்பு "எம் மகன்" ஆனது. எண்பது, தொண்ணூறு வருஷம் கழித்தும் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் நம்ம வீட்டு அப்பாவுக்குப் பட்டப்பெயராக இருக்கிறதென்றால், அது பத்து நிமிஷத்தில் செய்துவிட்டுப் போன வேலை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். சின்னச் சின்னக் கப்பல், சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்து, மேசைமேல் நிலமும் கடலும் கட்டி, பகடை உருட்டிச் சண்டை போடும் ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. அந்த ஆட்டக்காரர்களுக்கு எம்டன் என்றால் உயிர். உலகம் முழுக்க அந்தக் கப்பலின் குட்டி மாதிரியை வார்த்து விற்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆடுவதெல்லாம் 1914 நவம்பர் 9 ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியோடு நடந்த சண்டை. இல்லையென்றால் அக்டோபர் 28 ஆம் தேதி பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. சென்னையை மேசையில் போடுபவர் அபூர்வம். காரணம் எளிது. சென்னையில் எதிராளி இல்லை. ஒருவர் சுடுவார், மற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது என்ன ஆட்டம்?

எனக்கு அதுதான் சுவாரசியமாகப் படுகிறது. ஆட முடியாத ஒரு இரவை மாதிரியாகக் கட்டினால் என்ன தெரியும், என்ன தெரியாது?

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்த விளையாட்டு பொம்மைக் கடையில் பிறக்கவில்லை, அரண்மனையில் பிறந்தது. 1812 இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமுக்கு ஒரு பெரிய மேசை செய்து கொடுத்தார். இழுப்பறைகள் வைத்த அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே மேடு, ஆறு, சாலை, கிராமம் என்று தனித்தனியாக வார்த்து வர்ணம் பூசிய சதுரத் துண்டுகள். வேண்டியபடி மாற்றி அடுக்கினால் புதுப் போர்க்களம் கிடைக்கும். இன்றைக்கு ஆட்டக்காரர்கள் துண்டு துண்டாகச் செய்து சேர்க்கும் டெரெய்ன் பலகைகளுக்கு அதுதான் பாட்டன். அவருடைய மகன் 1824 இல் மேசையை விட்டுவிட்டு, வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி, பகடையோடும் நடுவரோடும் ஆடும் முறையை உருவாக்கினார். பிரஷ்யப் படை அதிகாரிகளுக்கு அது பாடமாகவே ஆனது. 1870-71 இல் பிரான்சை பிரஷ்யா தோற்கடித்ததும் மற்ற நாட்டுப் படைகளும் ஓடிவந்து அதைக் கற்றுக்கொண்டன.

கடலுக்கு அதைக் கொண்டுவந்தவர் பிரெட் டி. ஜேன். உலகப் போர்க்கப்பல்களின் ஆண்டுப் புத்தகம் போட்ட அதே ஜேன். 1898 இல் அவர் கடற்போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். சுடுவதற்குப் பகடை இல்லை. எதிரிக் கப்பலின் படம் போட்ட அட்டையை, நுனியில் ஊசி வைத்த ஒரு சின்ன மட்டையால் அடிக்க வேண்டும். ஊசி குத்தின இடம்தான் குண்டு விழுந்த இடம். ஊசியை மட்டையின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பார்கள், குறி தப்பட்டும் என்று. குசும்பான ஏற்பாடு, ஆனால் நிஜக் கடலில் குறி தப்புவதும் அப்படித்தான்.

பிறகு எச். ஜி. வெல்ஸ். காலயந்திரம் எழுதிய அவரேதான். 1913 இல் "லிட்டில் வார்ஸ்" என்ற புத்தகத்தில் ஈய சிப்பாய்களையும், மரக்குச்சியைத் துப்பும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விதிகளை எழுதினார். மரக்கட்டைகளை அடுக்கி வீடு, தோட்டத்துக் குச்சிகளை நட்டுக் காடு. பொம்மைகளோடு போர் முடிந்துவிட்டால் உலகத்துக்கு எவ்வளவு நல்லது என்ற எண்ணமும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அது வந்து ஒரு வருஷத்தில் நிஜப் போர். ஒன்றரை வருஷத்துக்குள் சென்னைக் கரையில் குண்டு.

இனி அந்த இரவு. 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி வாக்கில்.

அமாவாசை கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மெல்லிய பிறை, அதுவும் சாயங்காலமே மறைந்துவிட்டிருக்கும். அது சும்மா அமாவாசையும் இல்லை, மஹாளய அமாவாசை. அப்படியென்றால் 22 ஆம் தேதி நவராத்திரியின் மூன்றாம் நாள். எம்டன் பற்றிய கட்டுரைகளில் இதை யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி சென்னையில் எத்தனையோ வீட்டில் கொலு இருந்திருக்கும்!

கொலுவை இங்கே இழுப்பது வலிந்து செய்வதல்ல. மினியேச்சர் வர்ணமும் டெரெய்னும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் ஒருமுறை கொலுப் படிக்குக் கீழே பார்க்க வேண்டும். ஆற்று மணல் கொட்டி "பார்க்" கட்டுவார்கள். நாலு நாள் முன்னாடியே கேழ்வரகோ வெந்தயமோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால், நவராத்திரிக்குப் பச்சைப் புல்வெளி தயார். கைக்கண்ணாடியைப் புதைத்துக் கரையை மணலால் மூடினால் குளம். செங்கல்பொடியில் பாதை. பாட்டிகள் இதைச் செய்யும்போது அளவு விகிதம் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், செட்டியார் பொம்மையைவிடப் பெரிய வாத்து குளத்தில் நீந்தும். அது ஒன்றுதான் வித்தியாசம். புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டையில் களிமண் பொம்மை செய்பவர்களும் மினியேச்சர் வர்ணக்காரர்களும் வேலை செய்யும் வரிசைகூட ஒன்றுதான். முதலில் முழுக்க வெள்ளைப் பூச்சு, அதன்மேல் பெரிய நிறங்கள், அப்புறம் நகை, கரை, கடைசியில் கண். கண் கோணினால் பொம்மை போச்சு. 28 மில்லிமீட்டர் சிப்பாய்க்குக் கண் வைக்கிறவனுக்கும் இந்தப் பயம் தெரியும்.

சரி, துறைமுகத்துக்கு வருவோம்.

மேசையில் என்னென்ன வேண்டும்? தெற்கே கோட்டை. அதற்கு வடக்கே உயர்நீதிமன்றம், 1892 இல் கட்டி முடித்தது. அதன் கோபுர உச்சியில்தான் 1894 முதல் சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது, 175 அடி உயரத்தில். இன்னும் வடக்கே ராயபுரம் ரயில் நிலையம், 1856 இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். கிழக்கே இரண்டு கைகளை நீட்டின மாதிரி துறைமுகச் சுவர்கள். துறைமுக ஓரத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். ரங்கூன் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய். நம்ம ஊர் அரிக்கன் விளக்கும் தெருவிளக்கும் அதை நம்பி இருந்த காலம்.

எம்டனுக்கு வர்ணம்? இங்கே பலர் சறுக்குகிறார்கள். சமாதான காலத்தில் அந்தக் கப்பல் வெள்ளை உடம்பு, மஞ்சள் கலந்த புகைபோக்கி. "கிழக்கின் அன்னம்" என்று பெயர் வந்ததே அந்த அழகால்தான். மேசையில் வெள்ளை எம்டன் ஜோராக இருக்கும், படம் எடுத்துப் போட்டால் பாராட்டும் வரும். ஆனால் போர் தொடங்கியதும் சாம்பல் அடித்துவிட்டார்கள். சென்னைக்கு வந்தது சாம்பல் நிறக் கப்பல். மூன்று புகைபோக்கி. நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியும் கப்பலில் தயாராக உண்டு. கித்தான் துணியும் மரச்சட்டமும் வைத்து மாலுமிகளே கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு புகைபோக்கி உள்ள ஆங்கிலேயக் கப்பல் என்று தோன்ற வேண்டும். பினாங்கில் அந்த வேஷத்தோடுதான் உள்ளே போனார்கள். அட்டையும் துணியும் வைத்து எதிரியின் கண்ணை ஏமாற்றியவர்களை, நூறு வருஷம் கழித்து அட்டையும் பசையும் வைத்து நாம் மாதிரி செய்கிறோம்.

கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் சுமார் 3,000 கஜ தூரத்துக்கு வந்து நின்றார். விளக்கை அணைக்கச் சொல்லி உத்தரவு இருந்தும் துறைமுகம் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. சர்ச்லைட்டைப் போட்டுத் தொட்டிகளைப் பார்த்தார்கள், சுட்டார்கள். எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. ஒரு பக்கம் திரும்பி நின்றால் ஒரே நேரத்தில் ஐந்து சுடும். சுமார் 130 குண்டு. பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் நாலைந்து வினாடிக்கு ஒன்று. இரண்டு தொட்டி பற்றி எரிந்தது, மூன்று சேதமடைந்தது. சுமார் 3,46,000 காலன் எண்ணெய் போனது, லிட்டரில் 15 லட்சத்துக்கு மேல். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலிலும் குண்டு பட்டது. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டு போட்டன, ஒன்றும் எம்டன்மேல் படவில்லை. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கல் பதித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம்.

விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இது வேடிக்கையான கணக்கு. அந்தப் பீரங்கிகள் சுமார் 12 கிலோமீட்டர் வரை சுடக்கூடியவை. 3,000 கஜம் என்பது மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. இலக்கு நகராது, வெளிச்சத்தில் நிற்கிறது, சுடும் கப்பலை யாரும் தொந்தரவு செய்யவில்லை. எந்த விளையாட்டிலும் பகடைக்குச் சேர்க்கும் சாதகப் புள்ளி எல்லாம் எம்டன் பக்கம். பார்க்கப்போனால் அந்தத் தொட்டிகள் ஐந்தும் எரிந்திருக்க வேண்டும். ஆனால் 130 குண்டில் பெரும்பகுதி தொட்டியில் படவில்லை. தாண்டிப் போய் ஊருக்குள் விழுந்தவையும் உண்டு. ஜேன் தன் ஊசியை ஏன் தள்ளி வைத்தார் என்று இங்கே புரியும்.

அப்போ யார் ஜெயித்தது? எரிந்த எண்ணெயை வைத்துப் புள்ளி போட்டால் அற்ப வெற்றி. முல்லருடைய கணக்கே வேறு. இந்திய மக்கள் கவனத்தைத் திருப்ப வேண்டும், வியாபாரத்தைக் கலைக்க வேண்டும், ஆங்கிலேயரின் கௌரவத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் தன் நோக்கம் என்று பிறகு அவர் எழுதினார். அந்தக் கணக்கில் பாருங்கள். சுமார் ஐந்து லட்சம் பேர் இருந்த ஊரில் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி மறுபடி உத்தரவு போட்டார்கள். எம்டன் அந்தக் கடலில் சுற்றிய முதல் மாதத்திலேயே அந்த வட்டாரத்து ஏற்றுமதி மதிப்பு 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. மேசைமேல் இதற்கு விதி எழுத வேண்டும் என்றால் கப்பலுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை, வதந்திக்கு எழுத வேண்டும். நான் ஆடுவதாக இருந்தால் எதிராளிக்குத் துறைமுகத்தைக் கொடுக்க மாட்டேன். ஊரைக் கொடுப்பேன். எத்தனை பேர் ஊரை விட்டு ஓடாமல் பிடித்து வைக்க முடியும் என்பதுதான் அவருடைய ஆட்டம். அப்போது சென்னை ஆடக்கூடிய சண்டையாகிவிடுகிறது.

நடுவில் ஒரு விஷயம், கேட்காமல் விடமாட்டீர்கள். செண்பகராமன் பிள்ளை. எம்டனில் அவரும் இருந்தார், ஊரைச் சுட வேண்டாம், எண்ணெய்த் தொட்டியை மட்டும் சுடு என்று சொன்னார் என்று நம்ம பக்கம் ஒரு கதை ரொம்பப் பிரபலம். பாடப்புத்தகம் மாதிரி ஒப்பிப்பவர்கள் உண்டு. அந்தச் சமயம் அவர் ஐரோப்பாவில், சூரிச்சில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குழு அமைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஆகஸ்டில் சீனக் கடலிலிருந்து கிளம்பி வந்த கப்பலில் அவரை ஏற்ற வழியே இல்லை. அவர் செய்த வேலை பெரிது, அதற்குக் கப்பல் தேவையில்லை. மேல்தளத்தில் வேட்டி கட்டின ஒரு குட்டி உருவத்தை ஒட்டிவைக்க ஆசையாகத்தான் இருக்கும். வைக்காதீர்கள்.

இப்போ அளவு. இதுதான் இந்தப் பதிவின் நடு விஷயம்.

எம்டனின் நீளம் 118.3 மீட்டர். கடற்போர் ஆட்டத்தில் பழக்கமான அளவு 1:1200. அந்த அளவில் கப்பல் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கையில் பிடித்து வர்ணம் அடிக்கச் சுகமான அளவு. ஆனால் 3,000 கஜம் மேசையில் ஏழரை அடி ஆகிவிடும். நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசை போதாது, இரண்டைச் சேர்த்துப் போட வேண்டும். 1:3000 க்குப் போனால் 3,000 கஜம் கச்சிதமாக ஒரு கஜம். கப்பல் நான்கு சென்டிமீட்டர், உயர்நீதிமன்றக் கோபுரம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர், தொட்டிகளுக்குச் சட்டைப் பித்தானே போதும். முழு இரவும் ஒரு கட்டில் பலகையில் அடங்கும். அழகாக இருக்கும். வரைபடம் மாதிரித் தெளிவாக இருக்கும்.

அந்த அளவில் ஒரு மனுஷன் அரை மில்லிமீட்டர்.

அரை மில்லிமீட்டரை யாராலும் வர்ணம் அடிக்க முடியாது. வைக்கவும் மாட்டோம். ஆக, செத்த ஐந்து பேரும் மேசையில் கிடையாது. தொட்டிப் பக்கம் காவல் இருந்தவர்கள், துறைமுகத்துக் கூலிகள், சுப்ராவில் இருந்தவர்கள், ராயபுரத்தில் வீட்டு வாசலில் படுத்திருந்தவர்கள், யாரும் கிடையாது. முல்லர் சர்ச்லைட்டில் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். தொட்டி தெரியும், ஆள் தெரியாது.

சரி, ஆள் தெரிகிற அளவுக்குப் போவோம். 28 மில்லிமீட்டர் பொம்மை என்றால் ஏறக்குறைய 1:56. இப்போது தொட்டி வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தலைப்பாகை கட்டலாம், கையில் லாந்தர் கொடுக்கலாம், கண் வைக்கலாம். ஆனால் எம்டன் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் ஆகிவிடும், அதை 49 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அதாவது தெருவில் நாலைந்து வீடு தாண்டி. உங்கள் அறையிலிருந்து அது தெரியவே தெரியாது. காவலாளிக்கும் அன்றைக்கு அப்படித்தான், இருட்டில் எங்கிருந்தோ வெளிச்சம் அடிக்கிறது, எங்கிருந்தோ குண்டு வருகிறது. சுட்டவனையும் செத்தவனையும் ஒரே மேசையில் வைக்கிற அளவு ஒன்று இல்லவே இல்லை. எந்த அளவில் கட்டுகிறோம் என்று தீர்மானிக்கும்போதே யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. எம்டனைப் பற்றி நூறு வருஷமாக நாம் சொல்லிவரும் கதை 1:3000 கதை. கேப்டனின் சாமர்த்தியம், கப்பலின் துணிச்சல், மாலுமிகளின் கண்ணியம். முல்லர் பிடித்த கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டார் என்பது உண்மைதான், கனவான்தான், ஒத்துக்கொள்கிறேன். கோகோஸில் அவர் ஆட்களும் 130 பேருக்கு மேல் செத்தார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நம்ம மொழி அந்தக் கப்பலின் பெயரை வைத்துக்கொண்டது, அன்று கரையில் செத்த ஆட்களில் ஒருவர் பெயரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

நான் கட்டுவது 28 மில்லிமீட்டர் பக்கம். கப்பல் இல்லாத எம்டன் மேசை. தொட்டி மதில், ஒரு கூட்ஸ் வண்டி, மண்ணெண்ணெய் டின் அடுக்கு, நாலைந்து ஆள். கிழக்கு ஓரத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும்.

சாமான் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெளிநாட்டுப் பொம்மை வாங்குவது இப்போது பர்ஸுக்கு ஆகாது. பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 இல் 70. அளவு மாதிரிகளும் அதே தலைப்பில்தான் வரும். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்குத் தர முத்திரையும் கட்டாயம். 1914 இல் எம்டன் ஒரு மாதம் செய்ததைச் சுங்கம் வருஷம் முழுக்கச் செய்கிறது என்று ஒரு நண்பர் சிரிப்பார். அதனால் உள்ளூர் வழிதான். பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் கிடைக்காத சாமான் இல்லை. தெர்மோகோல், ஃபெவிகால், எம்-சீல். தொட்டிக்குப் பெரிய பிவிசி குழாய்த் துண்டு, தகட்டு இணைப்புக்குக் கனமான காகிதப் பட்டை, ஆணித் தலைக்குக் கடுகு. ஆமாம், கடுகேதான், பசை தொட்டு வரிசையாக வைத்து மேலே வர்ணம் அடித்தால் ரிவெட் மாதிரியே இருக்கும். தெர்மோகோல்மேல் ஸ்பிரே பெயின்டை நேராக அடித்தால் அரித்துவிடும், முதலில் ஃபெவிகாலில் மணலைக் கலந்து ஒரு பூச்சு கொடுங்கள். தீக்கு சீரியல் செட்டில் மஞ்சள் பல்பு இரண்டு, புகைக்குத் தலையணைப் பஞ்சைப் பிரித்துக் கீழே ஆரஞ்சு, மேலே கறுப்பு. எண்ணெய்த் தீயின் புகை தடித்து, திரண்டு போகும், விறகுப் புகை மாதிரி மெலிதாக இல்லை. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் இந்தக் கரையை விட்டுப் போகவே இல்லை. 1960-களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோது திருவொற்றியூர் வரைக்கும் கரையில் கறுப்புச் சேறு. வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய், மீனவர்களின் படகும் வலையும் நாசம். இவற்றையெல்லாம் யாரும் மேசையில் கட்டுவதில்லை, எதிரி இல்லையே.

கடைசியாக, கட்டும்போது என்னை ரொம்ப நாள் இழுத்தடித்த ஒரு சிக்கல், கரைக்கோடு. கட்டடத்தை விசாரித்துவிடலாம். கரையை எங்கே வரைவது?

சென்னைத் துறைமுகத்துக்கு 1875 இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே 1881 நவம்பர் புயல் அடித்துப் பாதியைக் கொண்டுபோனது. திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் ஒரு விஷயம் நடந்தது. இந்தக் கடற்கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மெரினாவில் நாம் சுண்டல் தின்று நடக்கும் மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்குச் சேர வேண்டியது. பிறகு மீன்பிடித் துறைமுகம் காசிமேட்டில், கருங்கல் கொட்டின தடுப்பு, 2000-களில் தூண்டில் வளைவுகள். கடல் கொஞ்சம் நின்றது. நின்றது என்பதைவிட, இன்னும் வடக்கே நகர்ந்தது என்று சொல்வதுதான் சரி.

ஆக 1914 ராயபுரத்தைக் கட்டுவது என்றால் இன்றைக்கு இருப்பதைப் பாதி அழிக்க வேண்டும், இன்றைக்கு இல்லாததைப் பாதி சேர்க்க வேண்டும். ஒரு சாயங்காலம் அந்தக் கருங்கல்மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், பழைய கரை எதுவரைக்கும் இருந்துச்சு என்று கேட்டேன். கையை நீட்டினார். "அதோ, அலை உடையுது பாரு தம்பி, அதுக்கும் அப்பால. எங்க தாத்தா வூடு அங்கதான். கோயிலும் இருந்துச்சு." எம்டன் பற்றிக் கேட்டதற்கு "அதெல்லாம் எங்க தாத்தா சொல்லுவாரு, ஒரு நாள் ராத்திரி வந்துட்டுப் போயிடுச்சாம்" என்று சொல்லிவிட்டு, "இது தினமும் வருதே" என்று கடலைக் காட்டினார்.

மேசையில் கரையை மட்டும் தனித் துண்டாக வெட்டியிருக்கிறேன், ரைஸ்விட்ஸ் இழுப்பறைத் துண்டுகள் மாதிரி. 1914 க்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில், 1914 துண்டில், ஐந்தாறு குடிசையும் ஒரு சின்னக் கோயிலும் இரண்டு கட்டுமரமும் வைத்திருக்கிறேன். கட்டுமரத்துக்குப் பழைய தீக்குச்சியைச் சேர்த்துக் கட்டினால் போதும், வர்ணம்கூட வேண்டாம். குடிசைக் கூரைக்குத் தென்னந்துடைப்பத்தின் நுனி.

அடுத்த பதிவில் தொட்டியின் அளவும், மதிலுக்கு வர்ணம் அடித்த விதமும், படங்களோடு.